பூனா ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு: அம்பேத்கரும் அரசின் கருவூலமும்

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நம் இயக்கக் கூட்டங்களில் பேசப்படாத ஆண்டே இல்லை. தனி வாக்காளர் தொகுதி பறிபோனதையும், காந்தியாரின் உண்ணாநிலை உண்டாக்கிய நெருக்கடியையும், ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையையும் நாம் திரும்பத் திரும்ப விவாதித்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் 9 பிரிவுகள் உள்ளன. பெரும்பாலானவை தேர்தலைப் பற்றியவை. எட்டாவது பிரிவு உள்ளாட்சித் தேர்தலையும் அரசுப் பணி நியமனத்தையும் பற்றியது. ஒன்பதாவது பிரிவைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மாகாணமும் தன் கல்வி நிதியிலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்விக்கென்று போதுமான தொகையைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்ட ஆவணம் அது. அரசியல் பேரம் உச்சத்தில் இருந்த அந்த நாட்களில் வரவு செலவுக் கணக்கு ஒரு பிரிவாக இடம்பெற்றது தற்செயலாக இருக்க முடியாது. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர் அரசின் நிதியைப் பற்றியே முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்தவர்.

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதை என்றும் சாதி ஒழிப்புப் போராளி என்றும் நாம் அறிவோம். அவருடைய வாழ்க்கையை ஒரு முறையேனும் அரசின் கருவூலத்தின் பக்கமிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஓர் அரசு எதற்கு முதலில் செலவழிக்கிறது, எதைக் கடைசிக்குத் தள்ளுகிறது, அந்த வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியோடு அவர் நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டினார்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி சுபேதார்; ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். வீரர்களின் குடும்பத்தாருக்குப் பள்ளி நடத்துவது அன்றைய ராணுவத்தின் செலவினங்களில் ஒன்று. ஊர்ப் பள்ளிக்கூடம் கதவடைத்த ஒரு சமூகத்தில் எழுத்தறிவுள்ள ஒரு தலைமுறை உருவானதற்கு அந்தச் செலவும் காரணம். 1890களில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. எங்கோ ஒரு மேசையில் எடுக்கப்பட்ட கொள்கை முடிவு. அதனால் ஒரு சமூகத்தின் ஊதியம், ஓய்வூதியம், பள்ளி மூன்றும் அடைபட்டன.

அம்பேத்கரின் உயர்கல்விக்கு வழி திறந்ததும் ஒரு கருவூலம்தான். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்ததால் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு முடிந்தது. 1913இல் அதே மன்னரின் உதவியுடன் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். படித்து முடித்தபின் பரோடா அரசுக்குப் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி, சொன்னபடி பரோடாவுக்குப் போனார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அரசே விரும்பிப் படிக்க வைத்த ஓர் அறிஞரை அந்த அரசின் தலைநகரில் குடியிருக்க விடாத சாதியை, உதவித்தொகை மட்டும் என்ன செய்துவிட முடியும்? இந்தக் கேள்வி அவரை விட்டு அகலவே இல்லை என்று நாம் கருதுகிறோம். பின்னாளில் அவர் பணம் கேட்ட இடங்களிலெல்லாம் பணத்தோடு அதிகாரத்தையும் சேர்த்தே கேட்டார்.

அவர் எதைப் படித்தார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1915இல் முதுகலைப் பட்டத்திற்கு அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிய ஆய்வு. நிலவரியும் உப்பு வரியும் எளிய மக்கள்மீது எப்படிச் சுமத்தப்பட்டன, பொதுப்பணிகளுக்கு எவ்வளவு சொற்பமாகச் செலவிடப்பட்டது, கம்பெனி கலைக்கப்பட்டபோது அதன் கடனும் இந்தியர் தலையிலேயே எப்படி விழுந்தது என்பதை அதில் கணக்கோடு காட்டினார். 1920இல் மீண்டும் லண்டன் சென்று 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1925இல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி குறித்த நூல் வெளியானது. கொலம்பியாவின் முனைவர் பட்டம் அதற்குரியது. ஆசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதிய அந்நூலை அவர் பரோடா மன்னருக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த மாகாண நிதி நூல் எளிதில் படிக்கக்கூடியதன்று. 1833இல் எல்லா வருவாயும் மையத்தில் குவிக்கப்பட்டது, 1870களில் மேயோ காலத்தில் மாகாணங்களுக்குக் குறிப்பிட்ட தொகை தரும் முறை வந்தது, பிறகு சில வருவாய்கள் ஒப்படைக்கப்பட்டன, 1882க்குப் பின் வருவாய் பங்கிடப்பட்டது என்று பக்கம் பக்கமாகச் செல்லும். ஆனால் இறுதிப் பகுதியில் அவர் வந்து நிற்கும் இடம் நமக்கு மிக அருகிலானது. மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அரசு, சமூகத்தில் வலுவுள்ளவர்களைப் பகைக்க அஞ்சும். ஆகவே அது பழைய வழக்கங்களையும் தொடாது, பணம் உள்ளவர்களின் பையையும் தொடாது என்பது அவர் முடிவு. சாதியை ஒழிக்கத் துணியாததையும் தேயிலைத் தோட்ட முதலாளிகளுக்கு வரிபோடத் துணியாததையும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். சாதி ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்து இன்றும் சண்டையிடும் நம் தோழர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ரிசர்வ் வங்கியையே அவர் நூலை வைத்துத்தான் கட்டினார்கள் என்று சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் ஏப்ரலில் எழுதப்படுகிறது. ஹில்டன் யங் தலைமையிலான நாணய ஆணையத்தின் முன் அவர் 1925இல் சாட்சியம் அளித்தார் என்பது ஆவணத்தில் உள்ளது. அதற்கு மேல் நீட்டி எழுத வேண்டியதில்லை. உள்ளதே போதுமான அளவு பெரியது.

பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்த அவர் 1927இல் வரவு செலவுத் திட்டத்தின் மீது பேசினார். வருமான வரி செலுத்துபவருக்கு ஒரு வரம்புவரை விலக்கு உண்டு; இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலவரியில் விலக்கு இல்லை என்பதைச் சுட்டினார். அடுத்த மாதம் கல்வி மானியத்தின் மீது பேசுகையில் மாகாணம் கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிடுவதையும், அதே தலையிலிருந்து மதுவரியாக 2 ரூபாய்க்கு மேல் வசூலிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தொடக்கப் பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்றும் எடுத்துச் சொன்னார். குடியில் வாங்குவதையாவது படிப்பில் திருப்பிக் கொடுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மதுவருவாயில் இயங்கும் ஒரு மாநிலத்தில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அதே 1927 மார்ச்சில்தான் மகத். சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்திய அந்த நாளைத் தன்மான எழுச்சியாக நாம் கொண்டாடுகிறோம், அது சரியே. வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தலாம் என்றது. பணம் பொதுவென்றால் பயனும் பொது. 1926இல் போலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார்: இதை நடைமுறைப்படுத்த மறுக்கும் நகராட்சிகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அரசு மானியம் தரக்கூடாது. மகத் நகராட்சி 1924இல் காகிதத்தில் குளத்தைத் திறந்து விட்டிருந்தது. காகிதத்தில் இருந்ததைக் கால்களால் நிறைவேற்றத்தான் அம்பேத்கர் பல்லாயிரம் பேரோடு நடந்தார். ஆதிக்க சாதியினர் அது பொதுக்குளமே இல்லை, தங்களுடையது என்று நீதிமன்றம் போனார்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களுடைய உரிமைகோரலை ஏற்க மறுத்தது. ஒரு குடம் தண்ணீரின் மீதான உரிமை, கடைசியில், அந்தக் குளம் யாருடைய சொத்து என்ற கேள்வியில் வந்து நின்றது.

மகர் வதன் முறையை ஒழிக்க 1928இல் அவர் கொண்டுவந்த மசோதாவும் இந்த வரிசையில்தான் சேரும். ஊர்க் காவல், தபால் சுமத்தல், வரிவசூலுக்கு ஆளழைத்தல் என்று அரசின் வேலைகளை இரவு பகலாகச் செய்ய மகர் குடும்பங்கள் கட்டாயப்படுத்தப்பட்டன. ஈடாகக் கிடைத்தது துண்டு நிலமும் ஊராரிடம் கையேந்தும் தானியமும். அரசு தன் கணக்கேட்டில் சம்பளமே எழுதாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. வழக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் ஊதியம் தர வேண்டாம் அல்லவா? அந்த முறை சட்டப்படி ஒழிந்தபோது அம்பேத்கர் உயிரோடு இல்லை.

இனி 1942க்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பகுதியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். வேலைவாய்ப்பு அலுவலகங்கள், சுரங்கத் தொழிலாளர் நலநிதி, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் என அவர் அத்துறையில் செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. அக்டோபர் 29 அன்று வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு விண்ணப்பம் அளித்தார். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பணம் கேட்டால் போரைக் காட்டி மறுக்க எந்த அரசுக்கும் எளிது. அவர் கோரிக்கைகள் துல்லியமாக இருந்தன. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். வெளிநாட்டுப் படிப்புக்கு 1 லட்சம். மத்தியப் பணிகளில் இடஒதுக்கீடு. பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களிலும் பங்கு. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் லட்சங்களில் மானியம் தருவதை எடுத்துக்காட்டி, எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்.

பட்டியல் சாதியினரில் வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் தோன்றத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் ஆய்வகச் செலவும் கருவிச் செலவும் பிடிக்கும் படிப்புகளுக்குள் அரசின் பணமின்றி எவரும் நுழைய முடியாது என்பது அவர் காட்டிய காரணம். 1943இல் மத்தியப் பணிகளில் எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேலான இடஒதுக்கீடு ஆணையாக வந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் உதவித்தொகைக்கென ஒதுக்கப்பட்டது. 1944இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை என்று நாம் விண்ணப்பிக்கும் திட்டத்தின் தொடக்கம் அதுவே. நலத்துறை அலுவலகங்களில் அதை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையைப் போல் பேசும் எழுத்தர்கள் இருக்கிறார்கள். ஒரு நிதியறிஞர் கணக்கெழுதி, வாதாடி, அரசின் செலவுப் பட்டியலில் இடம்பிடித்துக் கொடுத்தது அது.

கேட்டுப் பெற்றது அடுத்த ஆட்சியில் பறிபோகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த முயற்சி அதைச் சட்டத்தில் பதிப்பது. 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்கென அவர் எழுதிய, மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற விண்ணப்பம் ஒரு வரைவு அரசமைப்பாகவே இருக்கிறது. வேளாண் நிலம், அடிப்படைத் தொழில்கள், காப்பீடு ஆகியவற்றை அரசுடைமை ஆக்குவது பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் கல்வி நிதி பற்றிய ஒரு பகுதி உண்டு. பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கான நிதிப்பொறுப்பை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். அந்தத் தொகை கல்விக்கான வரவு செலவுத் திட்டத்தின் மீது முதற்பொறுப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்விக்கு ஒன்றிய அரசு ஆண்டுக்கு 10 லட்சம் ஒதுக்க வேண்டும்.

முதற்பொறுப்பு என்பது சட்டச் சொல். வீட்டை அடமானம் வைத்தவர் அதை விற்றால் கிடைக்கும் பணத்தில் முதலில் தீர வேண்டியது அடமானக் கடன், மற்றவை பிறகு. கல்விக்கென்று அரசு பணம் எடுத்து வைத்ததும் அதில் முதலில் தீர வேண்டியது பட்டியல் சாதியினரின் பங்கு என்பதே அவர் எழுதியதன் பொருள். மிச்சம் இருந்தால் தருவோம் என்ற சொல்லை முற்றாக வெட்டிவிடும் ஏற்பாடு. பூனாவில் போதுமான தொகை என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. போதுமானது எது என்று முடிவு செய்பவர் யார் என்பதைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்த பிறகுதான் அவர் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அது ஏற்கப்படவில்லை. வரைவுக் குழுவுக்கு அவர் தலைவர். ஆனால் அவையின் பெரும்பான்மை அவருடையதன்று. 1950இல் நமக்குக் கிடைத்தது பிரிவு 46. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு தனிக் கவனத்தோடு வளர்க்க வேண்டும் என்கிறது அது. வழிகாட்டு நெறிமுறைகளில் ஒன்று என்பதால், பிரிவு 37இன்படி, அதை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. இந்நெறிகளை மீறும் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்லாவிட்டாலும் தேர்தலில் வாக்காளர்முன் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவையில் அவர் வாதிட்டார். தான் கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததற்குள் எவ்வளவு வலு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றியவரின் வாதம் அது.

அதே அரசமைப்பில் வாக்கெடுப்புக்கே விடப்படாத செலவுகள் உண்டு. பிரிவு 112 அவற்றைப் பட்டியலிடுகிறது: குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்சநீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஊதியம், அரசு வாங்கிய கடனுக்கான வட்டி. தொகுப்பு நிதியிலிருந்து இவை முதலிலேயே எடுத்து வைக்கப்படும். நாடாளுமன்றம் விவாதிக்கலாம், வெட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு, சட்டக் கல்லூரிகளில்கூடப் பெரிதாகப் பேசப்படுவதில்லை. 1956 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த பிரிவு 290அ, கேரள அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கும், தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து 13.5 லட்சம் ரூபாயைக் குமரிப் பகுதிக் கோயில்களுக்கும் இதே வகையில் எடுத்து வைக்கச் சொல்கிறது. கோயில் நிலங்களைப் பழைய திருவிதாங்கூர் அரசு எடுத்துக்கொண்டதற்கான ஈடு அது என்பார்கள். எடுத்ததற்கு ஈடு தருவது நியாயமே. சேரிகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட உழைப்புக்கும் பஞ்சமி நிலத்துக்கும் அரசமைப்பில் எந்தப் பிரிவிலும் தொகை எழுதப்படவில்லை. அந்தப் பிரிவு நடப்புக்கு வந்து ஐந்து வாரங்கள் கழித்து, டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் மறைந்தார்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறியிருந்தார். 1951 செப்டம்பரில் அவர் விலகியதற்கு இந்துச் சட்டத் தொகுப்பு மட்டுமே காரணம் என்று பாடநூல்கள் சுருக்கிவிட்டன. அவரது விலகல் அறிக்கையில் முதலில் வருவது வேறு. பொருளாதாரத்தில் இத்தனை பயிற்சி பெற்ற தனக்குத் திட்டத் துறை தருவதாகச் சொல்லித் தரவில்லை, பொருளாதாரக் குழுக்களில்கூடச் சேர்க்கவில்லை என்று எழுதினார். பட்டியல் சாதியினரின் நிலை மாறவில்லை, அவர்களைப் பற்றிய அக்கறை ஆட்சியில் இல்லை என்றார். வெளியுறவுக் கொள்கையைப் பற்றிச் சொல்லும்போது கணக்கை எடுத்து வைத்தார்: ஆண்டுக்குத் திரட்டும் 350 கோடி ரூபாய் வருவாயில் ஏறக்குறைய 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. நண்பர்களைத் தேடிக்கொள்ளாத கொள்கையின் விலையைப் பசித்தவன் கட்டுகிறான் என்பது அவர் பார்வை. காஷ்மீர் பற்றிய அவருடைய தீர்வோடு நாம் உடன்படலாம், மறுக்கலாம். ஒரு கொள்கையின் தகுதியை அதற்கு ஆகும் செலவை வைத்தும், அந்தச் செலவால் நின்றுபோகும் பிற செலவுகளை வைத்தும் அளக்கும் முறை அவருடையது. அதை நம்மில் எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்?

அவருக்குப் பின் நடந்தது சுருக்கமானது. 1979-80இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் பங்கு என்பது கொள்கை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அது 16.6 விழுக்காடு. தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு அந்த நிதி திருப்பிவிடப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். 2017-18இல் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவினை நீக்கப்பட்டபின், எல்லோருக்குமான மானியங்களின் ஒரு பகுதியையே பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடாக எழுதிக் காட்டுவது இன்னும் எளிதானது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் அது 2024இல்தான் வந்தது.

உதவித்தொகைக்கு வருவோம். 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு அதற்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய்தான் தந்தது; பெரும்பகுதி மாநிலங்களின் தலையில் இருந்தது. நாடெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு 2020 டிசம்பரில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடு முடிவானது. இன்றும் உதவித்தொகை வரவில்லை என்று சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரிகளுக்கு நாங்கள் அறிவிக்கை அனுப்புகிறோம், சில வேளைகளில் ரிட் மனு தாக்கல் செய்கிறோம். மனுவில் பிரிவு 46ஐ எழுதுகிறோம். எதிர்மனுவில் நிதி இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று ஒரு வரி வருகிறது. வழக்கு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.